டுவேன் துவைத்த கவுன்

சிவப்புச் சீட்டு: அத்தியாயம் 17

டுவேன் ஸ்டக்கிக்குப் பொய் சொல்ல வராது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பின் சீட்டில் எந்தப் பையன் எதை மறைக்கிறான் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் தானே ஒன்றை மறைத்தால் இரண்டு காதும் தக்காளியாகச் சிவந்துவிடும். அதனால்தான் சனிக்கிழமை காலை, காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாயோடு சமையலறையில் உட்கார்ந்து ஓட்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள எதுக்குக் குல்லாய்?" என்றாள் மனைவி லவோன்.

"குளிருது."

"ஹீட்டர் எழுபத்திரெண்டு ஃபாரன்ஹீட்ல ஓடுது."

"அப்ப எனக்கு வயசாயிடுச்சு போல."

வேறு நாளாக இருந்தால் லவோன் இதை விட்டிருக்க மாட்டாள். ஆனால் அவளுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு அடைத்துக் கிடந்தது. அதைவிடப் பெரிய அடைப்பு ஒன்று நெஞ்சில் இருந்தது. போன வாரம் அவள் பொம்மைக் கண்காட்சியின் மேசைப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து பதினான்காம் எண்ணில் அப்படியே நின்றுபோனாளே, அதுதான்.

மேசை 14: மெர்ரிலி கோப்.

லவோனின் ஒரே தங்கை. பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை.

வாரம் தவறாமல் படிப்பவர்களுக்குக் காரணம் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃபோர்ட் வெய்ன் நகரத்துப் பொம்மைச் சங்கத்துக்கு லவோன்தான் தலைமை நடுவர். அறுபதுகளில் வந்த 'கிளாரிஸ்' பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் அந்தச் சங்கத்தார். ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேலே, கண்ணில் மை, காலில் ஊசிக் குதிகால். பொம்மையைவிட அதன் உடுப்புக்குத்தான் மவுசு. ஒவ்வொரு உடுப்பும் தனிப் பெட்டியில், தனிப் பெயரோடு வந்தது. சுண்டுவிரல் நகத்தளவு லேபிள், எறும்பு நுழையாத தையல். அசல் உடுப்புகள் இன்று அரிது. அதனால் பின்னாளில் தைத்ததை அசல் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. எது அசல், எது பிறகு தைத்தது என்று பார்த்துச் சொல்வதுதான் லவோனின் வேலை. அசலுக்கு நீலச் சீட்டு, மற்றதற்குச் சிவப்புச் சீட்டு.

பதினோரு வருடத்துக்கு முன்னால், லவோன் புதிதாக ஒரு ஊதா விளக்கு வாங்கி வந்தாள். இருட்டில் அதைப் பிடித்தால் பழைய நூல் செத்ததுபோல் கிடக்கும், புது நூல் பால்போல் மின்னும். அந்த வருடம் மெர்ரிலி ஒரு ரோஜா நிற சாட்டின் கோட்டு கொண்டுவந்தாள். 'ஓபரா இரவு' என்று பெயர். யாரோ ஒரு விதவையம்மாள் இறந்தபின் அவள் வீட்டுப் பரணில் கிடைத்தது. விளக்கைப் பிடித்தார்கள். துணி இருண்டே கிடந்தது, தையல் நூல் மட்டும் பளீரென்று மின்னியது.

"துவைச்சேன், வோனி. எலி நாத்தம் அடிச்சுது. அவ்வளவுதான்" என்றாள் மெர்ரிலி. அக்காவை அவள் 'வோனி' என்றுதான் கூப்பிடுவாள்.

"துவைச்சா துணியும்தானே மின்னணும்? நூல் மட்டும் எப்படி மின்னும்?" என்று கேட்டாள் லவோன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஊர்ல பாதிக் கல்யாண கவுனைத் தைச்சவ நீ. என் தங்கச்சி கைத்தையல் எனக்குத் தெரியாதா?"

ஹால் முழுக்கக் கேட்டது. சிவப்புச் சீட்டு குத்திய பொருளைக் கண்காட்சி முடியும்வரை மேசையை விட்டு எடுக்கக் கூடாது என்பது சங்கத்து வழக்கம். மெர்ரிலி நாலு மணிவரை அந்தச் சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனவள்தான். நன்றி நாள் விருந்துக்கு வரவில்லை, கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அப்பாவின் இறுதிச் சடங்கில் ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது டுவேனின் காதுகளுக்கு வருவோம்.

இந்த வருடம் சங்கத்துக்கு நாற்பது வயது. அவரவர் முதல் பொம்மையைக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்கவேண்டும் என்று தீர்மானம். லவோனின் முதல் கிளாரிஸ், எட்டாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்தது, வெளிர்நீல சாட்டின் கவுனோடு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. லவோன் கண்காட்சி நடக்கும் ஹோட்டலுக்கு மேசை போடப் போயிருந்தாள். டுவேன் அந்த மேசைப் பக்கத்திலேயே கையில் காபியோடு டிவியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வினாடியில் நம்ம பையன்கள் பந்தைக் கூடைக்குள் போட்டார்கள். டுவேன் இரண்டு கையையும் தூக்கினார்.

காபி கவுன்மேல் போயிற்று.

மனிதர் பதறிப்போனார். கழற்றினார். சிங்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, துணி துவைக்கும் சோப்புத்தூளைத் தாராளமாகப் போட்டு, ஊறவைத்து, அலசி, லவோனின் ஹேர் டிரையரால் காயவைத்து, கைக்குட்டையை மேலே போட்டு இஸ்திரியும் போட்டுவிட்டார். தன் சட்டையைக்கூட அவர் அவ்வளவு அக்கறையாகத் துவைத்ததில்லை. கறை இருந்த இடமே தெரியவில்லை. ராத்திரி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் மேசைப் பட்டியலோடு உட்கார்ந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

ஹோட்டல் ஹாலில் ஒன்பது மணிக்கே கூட்டம் நெரிந்தது. வெளியே மார்ச் மாதத்து அழுக்குப் பனி, உள்ளே அறுபது மேசை நிறையப் பொம்மைகள்.

லவோன் தன் கிளாரிஸைக் காட்சி மேசையில் வைத்தபோது அதன் முதுகுப்பக்கத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"டுவேன், இந்த பிரஸ் பட்டன் ஒண்ணு மாறிப் போட்டிருக்கு. நீ தொட்டியா?"

"தூசி தட்டினேன்" என்றார் டுவேன், குல்லாயை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு.

"தூசி தட்ட முதுகை எதுக்குத் திறக்கணும்?"

நல்லவேளை, அந்நேரம் யாரோ லவோனைக் கூப்பிட்டார்கள். டுவேன் தப்பித்து நடந்து, நடந்து, பதினான்காம் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

மெர்ரிலி தலைமுடியை நரைக்க விட்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. அவளுக்குப் பின்னால் ஒரு அட்டை: 'எல்லாம் விற்பனைக்கு. பேரம் பேசலாம்.'

"என்ன மெர்ரிலி, கடையைக் கட்டுறியா?"

வாயிலிருந்து ஊசியை எடுத்தாள். "வீட்டை வித்தாச்சு, டுவேன். ஏப்ரல் கடைசியில டூசான் போறேன், பையன்கிட்ட. அங்க வெயில்தான், பனி அள்ளவேண்டாம். அங்க இதையெல்லாம் வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

"திரும்பி வருவல்ல?"

"யாரைப் பாக்க?"

டுவேன் போய் இரண்டு காபி வாங்கி ஒன்றை அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

நடுவர் மேசையில் லவோன் ஒரு குட்டி ஜாக்கெட்டின் ஜிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டுவேன் விஷயத்தைச் சொன்னார். அவள் கண்ணாடியை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டூசானா?"

"வீடு வித்தாச்சாம்."

"அப்பா கட்டுன வீடு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"எப்படிக் கேப்பா? உங்கிட்ட பேசுறதில்லையே."

"அவ ஒரு வார்த்தை, 'தப்பு பண்ணிட்டேன் வோனி'ன்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே..." லவோன் மூக்கைச் சிந்தினாள். ஜலதோஷமா வேறெதுவுமா என்று டுவேனுக்குத் தெரியவில்லை. "தைச்சதுக்குக்கூட எனக்குக் கோவமில்ல. என் முகத்தைப் பாத்து இல்லேன்னு சாதிச்சா பாரு, அதுதான்."

அவள் அப்படித்தான் நம்பினாள். பதினோரு வருடமும் ஒருநாள்கூட அதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

பத்தரை மணிக்கு அவளுடைய பொம்மையின் முறை வந்தது. நடுவர் தன் பொருளைத் தானே பார்க்கக் கூடாது. அதனால் துணை நடுவர் ஆரின் டிபெட்ஸ் பார்த்தார். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், குரலே எழாத சாது. பதினோரு வருடமாக லவோன் வகுத்த முறையை வேதம்போல் பின்பற்றுகிறவர். முதலில் லேபிள், பிறகு ஜிப், பிறகு பட்டன், பிறகு முகர்ந்து பார்ப்பது, கடைசியில் கறுப்புத் திரைக்குப் பின்னால் விளக்கு. பொருளுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கலாம். லவோன் நின்றாள்.

ஆரின் கவுனை மூக்கருகே கொண்டுபோனார். நெற்றி சுருங்கியது.

"லவோன், இதுல... பூ வாசனை வருதே."

"ஹோட்டல் கார்ப்பெட்டா இருக்கும்."

"உனக்கு வரலையா?"

"எனக்கு இன்னைக்கு வெங்காயத்தை மூக்குல வச்சாலும் தெரியாது. விளக்கைப் போடு, ஆரின், வரிசை நிக்குது."

திரை விழுந்தது. ஊதா விளக்கு எரிந்தது.

லவோன் தன் கவுனை ஒருநாளும் அந்த விளக்கில் பிடித்துப் பார்த்ததில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? சொந்தப் பிறப்புச் சான்றிதழை யாராவது சந்தேகப்பட்டு எடுத்துப் பார்ப்பார்களா?

துணி இருண்டு கிடந்தது. இடுப்பில், முதுகில், கீழ்மடிப்பில், நூல் மட்டும் பளீரென்று மின்னியது.

ஆரின் விளக்கைக் கீழே இறக்கினார்.

"இன்னொரு தடவை பிடி" என்றாள் லவோன்.

பிடித்தார். மின்னியது.

"யாரோ மாத்திட்டாங்க" என்று கவுனைப் பறித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடினாள். உள்ளே திருப்பினாள். லேபிளுக்குக் கீழே, எட்டு வயதில் பேனாவால் அவளே போட்ட நீலப் புள்ளி சற்றே வெளுத்து அப்படியே இருந்தது. அவளுடைய கவுன்தான். அறுபது வருடமாக அவள் வீட்டை விட்டு நகராத கவுன்.

அப்போதுதான் அவளுக்கு அந்த மாறிப்போன பட்டன் ஞாபகம் வந்தது.

"டுவேன்!"

க்ரீம் பை என்ற இனிப்பைத் தின்றுகொண்டிருந்த டுவேன் தட்டோடு வந்தார்.

"குல்லாயைக் கழட்டு."

"லவோன், ஜனங்க பாக்கறாங்க..."

"கழட்டு."

கழற்றினார். காது இரண்டும் சிவந்து கிடந்தன.

"காபி கொட்டிருச்சு" என்றார் டுவேன். ஆரம்பித்ததும் அணை உடைந்ததுபோல் எல்லாம் வந்தது. கூடைப்பந்து, சிங்க், டிரையர், இஸ்திரி. "வேற ஒண்ணும் பண்ணல, சத்தியமா. துவைச்சேன். அவ்வளவுதான்."

லவோன் வாயைத் திறந்தாள். திட்டத்தான் திறந்தாள்.

துவைச்சேன். அவ்வளவுதான்.

இதே சொல்லை, இதே இடத்தில் நின்று, வேறொருத்தி சொன்னாள். அன்று தான் என்ன பதில் சொன்னோம் என்பது லவோனுக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. துவைச்சா துணியும்தானே மின்னணும்? இதோ, துவைத்த கவுன் கையில் இருக்கிறது. துணி மின்னவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் மின்னவில்லை.

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எதாவது சொல்லு, லவோன்" என்றார் டுவேன் பயந்துபோய். "திட்டவாவது செய்."

"அவ பொய் சொல்லல, டுவேன்."

"யாரு?"

"மெர்ரிலி. அவ பொய்யே சொல்லல. நான்தான்..."

ஆரின் தொண்டையைக் கனைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு நீலச் சீட்டை எடுத்து, யாரும் பார்க்காதபடி மேசைமேல் வைத்தார். "லவோன், இது உன் பொம்மை. அசல்னு எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். திரைக்குப் பின்னால நாம ரெண்டு பேரும்தான் இருந்தோம். நான் எதையும் பாக்கல."

நல்ல மனதோடுதான் சொன்னார். லவோனும் அந்த நீலச் சீட்டை ஒரு நிமிடம் பார்த்தாள். பார்க்கவில்லை என்று நான் சொன்னால் அது கதை ஆகிவிடும். அதை எடுத்துக் குத்திவிட்டால் எல்லாம் நேற்றுப்போல் இருக்கும். அவள் தலைமை நடுவர், அவள் சொன்னது சொன்னதுதான். மெர்ரிலியும் நாலு மணிக்கு மேசையைக் காலி செய்துகொண்டு போய்விடுவாள். வெயில் ஊருக்கு.

"இல்ல, ஆரின்" என்றாள். "முறைப்படி இது சிவப்பு. இது சிவப்பு இல்லேன்னா முறை தப்பு. ரெண்டுல ஒண்ணுதான்."

எழுந்தாள். கவுனைக் கையில் பிடித்துக்கொண்டு பதினான்காம் மேசைக்கு நடந்தாள். அந்த ஐம்பது அடி நடப்பதற்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது.

மெர்ரிலி ஒரு பெட்டியை நூலால் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியது: எவ்வளவு வயதாகிவிட்டது இவளுக்கு.

"மெர்ரிலி" என்று லவோன் குரலைத் தாழ்த்தினாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் அந்தப் பக்கம் வர்றியா?"

"எதுக்கு?"

"அந்தக் கோட்டு விஷயம். நான்... என் பேர்லதான் தப்பு. நீ துவைக்கத்தான் செஞ்ச. இப்பதான் தெரிஞ்சுது."

மெர்ரிலியின் கை நூலில் நின்றது. முகம் மாறவில்லை.

"காதுல வந்து ரகசியம் சொல்றியா?" என்றாள். "அன்னைக்கு ரகசியமாவா சொன்ன?"

லவோனுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. தங்கை சொன்னது நியாயம்.

மேடைப்பக்கம் திரும்பி நடந்தாள்.

மைக்கில் குலுக்கல் பரிசு அறிவித்துக்கொண்டிருந்த பெண்மணி, தலைமை நடுவர் ஏறி வருவதைப் பார்த்து ஒதுங்கினாள். லவோனுக்கு மேடைப் பேச்சு புதிதில்லை. ஆனால் இன்று மைக் முன்னால் நின்றதும் முதலில் தும்மல்தான் வந்தது. சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றாள். "இது என் கவுன். எட்டு வயசுலேருந்து எங்கிட்டதான் இருக்கு. நேத்து என் வீட்டுக்காரர் இதுல காபியைக் கொட்டிட்டு சோப்புத்தூள் போட்டுத் துவைச்சிட்டார். இன்னைக்கு விளக்குல இதோட நூல் மின்னுது. துணி மின்னல."

ஹால் மெல்ல அடங்கியது.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால, இதே மாதிரி மின்னுச்சுன்னு ஒரு கோட்டுக்குச் சிவப்புச் சீட்டு குத்தினேன். கொண்டுவந்தவங்க துவைச்சேன்னு சொன்னாங்க. நான் நம்பல. அவங்களே தைச்சு ஏமாத்துறாங்கன்னு உங்க எல்லார் முன்னாலயும் சொன்னேன்." மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க என் தங்கச்சி மெர்ரிலி. அவ சொன்னது நிஜம். நான் சொன்னது தப்பு. விளக்கை நம்பினேன், கூடப் பொறந்தவளை நம்பல. மெர்ரிலி, என்னை மன்னிச்சிரு."

யாரும் கைதட்டவில்லை. அது நல்லதுதான். மூன்றாவது வரிசையில் இருந்து பருமனான ஒரு பெண்மணி எழுந்தாள்.

"அப்ப என் மஞ்ச மழைக்கோட்டு? நாலு வருஷம் முன்னால சிவப்பு குத்தினியே? நானும் துவைச்சேன்னுதான் சொன்னேன்!"

"கொண்டுவாங்க" என்றாள் லவோன்.

"என் நீச்சல் உடுப்பு?" என்று இன்னொரு குரல்.

"அதையும் கொண்டுவாங்க. நூல் மின்னுச்சுன்னு நான் தள்ளின எல்லாத்தையும் கொண்டுவாங்க. ஒவ்வொண்ணா மறுபடி பாக்கறேன். நான்தான் பாக்கணுமா, இல்ல வேற ஆள் வரணுமான்னு சங்கம் முடிவு பண்ணட்டும். எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

கீழே இறங்கினாள். முழங்கால் வலித்தது, மூக்கு ஒழுகியது. ஆனால் நெஞ்சில் இருந்த அடைப்பு சற்றே நகர்ந்திருந்தது.

மெர்ரிலி அவளை நோக்கி ஓடிவந்து கட்டிக்கொண்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் அந்த ரகம் இல்லை. மேசைக்குப் பின்னால் அப்படியே நின்றிருந்தாள். அக்கா வந்து நின்றதும் கையை நீட்டினாள்.

"கவுனைக் குடு."

வாங்கினாள். கீழ்மடிப்பைத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நூல் பருத்தி. துணி அசிடேட்ங்கிற செயற்கை இழை" என்றாள். "சோப்புத்தூள்ல வெளுப்பாக் காட்டுறதுக்கு ஒரு மருந்து போடுறான். அது பருத்தியிலதான் ஒட்டும். அசிடேட்ல ஒட்டாது, அலசினா போயிடும். அதான் நூல் மட்டும் மின்னுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வாரமே வேற வேற துணியை எடுத்துத் துண்டு துண்டா நறுக்கிப் போட்டுத் துவைச்சுப் பாத்தேன். எனக்கே பயம் வந்திருச்சு, வோனி. நான் பைத்தியமா, தூக்கத்துல எழுந்து தைச்சேனான்னு."

'வோனி' என்ற சொல் வந்ததும் லவோனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை.

"அந்தக் கோட்டை என்னடி பண்ணின?"

"வச்சிருக்கேன். விக்கல. சீட்டைக்கூடக் கழட்டல."

"இவ்வளவு தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் சொல்லல? ஒரு போன்? நான் வந்து உன் கால்ல விழுந்திருக்க மாட்டேனா?"

மெர்ரிலி அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

"சொல்லலையா? ரெண்டு பக்கத்துக்கு லெட்டர் எழுதினேன். அந்தத் துணித் துண்டெல்லாம் உள்ள வச்சு அனுப்பினேன். நீதான் பதிலே போடல. அதுக்கப்புறம்தானே நான் வர்றதை நிறுத்தினேன்?"

"எனக்கு லெட்டரே வரலையே."

"அனுப்பினேன், வோனி."

"வரலடி. வந்திருந்தா நான் படிக்காம இருப்பேனா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

டுவேன் இரண்டு மேசை தள்ளி நின்றிருந்தார். கையில் இருந்த தட்டைப் பக்கத்து மேசையில் பொம்மைகளுக்கு நடுவே மெல்ல வைத்தார். இன்றைக்கு இனி ஒளிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"உனக்கு அப்ப ரத்த அழுத்தம் இருநூறுல நின்னுச்சு" என்றார். "டாக்டர் மனசைக் கலக்குற எதையும் காட்டாதீங்கன்னார். உறையில அவ கையெழுத்தைப் பாத்தேன். திட்டித்தான் எழுதியிருப்பான்னு நினைச்சேன். சரியானதும் குடுக்கலாம்னு வச்சேன். அப்புறம் ஒரு வருஷம் ஆயிருச்சு. அதுக்கு மேல எப்படி எடுத்து நீட்டறது? எந்த முகத்தோட?"

"பதினோரு வருஷம், டுவேன்!" என்றாள் லவோன்.

"தெரியும்."

"எங்கப்பா சாவுல நாங்க ஆளுக்கொரு மூலையில உக்காந்திருந்தோம். நீ நடுவுல உக்காந்திருந்த."

"தெரியும், லவோன். அன்னைக்கு வாய்வரைக்கும் வந்துச்சு." டுவேன் குல்லாயைக் கையில் கசக்கினார். "நான் அதைப் பிரிக்கல. தூக்கியும் போடல. கொட்டகையில தூண்டில் பெட்டிக்கு அடியில, ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு."

லவோன் அவரை என்ன செய்திருப்பாளோ தெரியாது. கையில் பொம்மை கவுன் மட்டும்தான் இருந்தது, அது பிழைத்தது. ஆனால் அதற்குள் மெர்ரிலியின் முகம் வெளுத்துவிட்டது.

"பிரிக்கவே இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"ரெண்டாவது பக்கத்தை யாருமே படிக்கலையா?"

"யாரும் படிக்கல, மெர்ரிலி."

மெர்ரிலி மேசைமேல் இருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். மேல்கோட்டை மாட்டினாள். 'எல்லாம் விற்பனைக்கு' அட்டையைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"உன் வீட்டுக்கு. முதல் பக்கத்தை நீ படி, ஃப்ரேம் போட்டுக்கூட மாட்டிக்கோ. ரெண்டாவது பக்கம் எனக்கு வேணும்."

"அதுல என்னடி எழுதின?"

"அன்னைக்கு எனக்குக் கோவம். நான் ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணை, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அப்பாவுக்கு வாக்கு குடுத்த ஒண்ணை, எழுதிட்டேன். நீ பதில் போடலேன்னதும், அதைப் படிச்சுட்டுத்தான் நீ என்னை ஒதுக்கிட்டன்னு நினைச்சேன். பதினோரு வருஷமும் அப்படித்தான் நினைச்சேன்." மெர்ரிலி கோட்டுப் பட்டனைப் போட்டாள். "உனக்குத் தெரியாதுன்னா, தெரியவே வேண்டாம்."

"எங்கிட்ட அப்படிச் சொன்னா நான் விடுவேனா?"

"விட மாட்ட. அதான் நான் முதல்ல போறேன்."

மெர்ரிலி வாசலை நோக்கி வேகமாக நடந்தாள். லவோன் நடுவர் பட்டையைக் கழற்றி ஆரின் கையில் திணித்துவிட்டு, அறுபத்தெட்டு வயது முழங்காலோடு பின்னாலேயே ஓடினாள். டுவேன் கார் சாவியைத் தேடித் தடவிக்கொண்டே அவளுக்குப் பின்னால்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, ஹோட்டலின் கார் நிறுத்தத்தில் சேறும் பனியும் தெறிக்க இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கிளம்பின. பதினோரு வருடத்துக்குப் பிறகு மெர்ரிலி அக்கா வீட்டுக்குப் போகிறாள், அதுவும் ஒரு கடிதத்தைத் திருட.